சாக்ஸ் பின்ன எந்த நூல் வாங்கலாம்?



போன டிசம்பர் பனியில் எங்க அம்மாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்னிக் கொடுத்தேன். அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். பனி ஈரம் காயும் முன்னே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு செடிக்குள் நிற்க வேண்டும். பெரியம்மா ஸ்வெட்டர் பின்னுவார், அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கடையில் ரோஸ் கலரில் ஒரு உல்லன் நூல் இருந்தது. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்ததால் அதையே வாங்கினேன். பின்ன மூன்று வாரம் ஆனது. இருபதே நாளில் குதிகாலில் ஓட்டை! அதுகூடப் பரவாயில்லை. "கால் ஜில்லுன்னுதான் இருக்குது பாப்பா, உள்ள ஈரமாவே இருக்குது" என்று அம்மா சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு.

தப்பு பின்னலில் இல்லை, நூலில்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் பின்னலைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் பனியனை உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'வி' எழுத்து மாதிரியும், உள்பக்கம் மேடு மேடாகவும் தெரியும். திருப்பூரில் மெஷின் செய்வதைத்தான் நாம் ஊசியால் செய்கிறோம். சட்டைத் துணி மாதிரி குறுக்கு நூல், நெடுக்கு நூல் என்று இல்லை. வளையத்துக்குள் வளையம், அவ்வளவுதான். அதனால்தான் இழுத்தால் விரிகிறது. சாக்ஸுக்கு நான்கு ஊசி வேண்டும். நான் 60 வளையம் போட்டு, மூன்று ஊசியில் இருபது இருபதாகப் பிரித்து, நான்காவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னினேன். ஊசி வாங்கும்போது கவனம், நம்பர் கூடினால் ஊசி மெலியும். நான் 10-ஆம் நம்பர் கேட்டு ஏமாந்தேன், சாக்ஸுக்கு 12 தான் சரி. பின்னல் நெருக்கமாக இருந்தால் சீக்கிரம் தேயாது. குதிகால் வரும்போது பாதி வளையத்தை மட்டும் முன்னும் பின்னும் பின்னித் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் நான் மூன்று தடவை அவிழ்த்தேன்.

இப்போ நூல். கடையில் உல்லன் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். அது ஆட்டு முடி இல்லை, பிளாஸ்டிக் மாதிரி தொழிற்சாலையில் செய்கிற இழை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். நிஜக் கம்பளி முடி கருகின நாற்றம் அடிக்கும், தானாக அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். நம் தலைமுடியும் கம்பளியும் ஒரே கெரட்டின் புரதம் என்பதால்தான் அந்த நாற்றம். பருத்தி காகிதம் எரிந்த மாதிரி மணக்கும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கெட்டியான கருப்பு மணியாக நிற்கும். என் ரோஸ் நூல் மணியாகத்தான் நின்றது!

அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். பூட்ஸுக்குள் வேர்க்கிற வேர்வை அப்படியே காலில் நிற்கும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். பருத்தி உறிஞ்சும், ஆனால் நனைந்தால் கனத்துத் தொங்கிவிடும், சீக்கிரம் காயாது.

நான் ஏமாந்தது மெத்தென்று இருந்ததில்தான். லூசாக முறுக்கின நூல்தான் அப்படி இருக்கும், அது பூட்ஸில் உரசி உரசிச் சீக்கிரம் தேயும். நூல் நுனியைப் பிரித்துப் பாருங்கள். நான்கு இழை இறுக்கமாக முறுக்கியிருந்தால் வாங்கலாம். சாக்ஸுக்கென்றே செய்கிற நூலில் முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலப்பார்கள். நைலான் தேயாமல் காப்பாற்றும்.

ஆனால் நிஜக் கம்பளி விலை எனக்கு எட்டவில்லை. ஊட்டி பக்கம் சாண்டிநல்லா பண்ணையில் நீலகிரி ஆடு என்ற கம்பளி இனத்தையே வளர்க்கிறார்கள். இங்கே எங்கள் கடையில் மட்டும் அக்ரிலிக்!

பெரியம்மா ஒரு யோசனை சொன்னார். பாதத்துக்கு மட்டும் கம்பளி வாங்கு, கணுக்காலுக்கு மேலே மிச்ச ரோஸ் நூலையே போடு, குதிகாலிலும் விரல் நுனியிலும் மெல்லிய நைலான் நூலைச் சேர்த்துப் பின்னு என்றார். குதிகாலில் ஒரு வளையத்தைப் பின்னாமல் தள்ளிவிட்டு அடுத்ததைப் பின்னினால் அந்த இடம் இரட்டைத் தடிமன் ஆகும் என்றும் காட்டிக் கொடுத்தார். கம்பளியை வெந்நீரில் போட்டுத் தேய்க்கக் கூடாதாம். இழையில் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியாமல் காயப்போட வேண்டும்.

ஒரு கால் முடிந்துவிட்டது. மேலே ரோஸ், கீழே சாம்பல் கலர். பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அம்மா அந்த ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு ஒரு நாள் வேலைக்குப் போய் வந்து, "இன்னொண்ணு எப்போ பாப்பா?" என்று கேட்டார்.

எரித்துப் பார்த்த மூன்று நூலிலும் எரிக்காத மிச்சத் துண்டுகளைக் கீழே ஒட்டியிருக்கிறேன். தொட்டுப் பாருங்கள், தயவுசெய்து பிய்க்காதீர்கள்.

- 9-ஆம் வகுப்பு மாணவி