வீட்டிற்கு முன் மனை

வீடு கட்டிக்கொள்ள அரசாங்கம் பணம் தருகிறது என்று கேள்வியுற்று, அதனைத் தமக்கும் பெற்றுத் தருமாறு பஞ்சாயத்து அங்கத்தினரை நாடி வருவோர் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் பலர். அவ்வாறு வருபவரிடம் அங்கத்தினர் முதலாவதாகக் கேட்க வேண்டிய வினா பணத்தைப் பற்றியதன்று. "நீங்கள் குடியிருக்கும் மனை யார் பெயரில் இருக்கிறது?" என்பதே அவ்வினா. இதற்குத் தக்க விடை இல்லையாயின், மற்றெல்லாத் தகுதிகள் இருந்தும் வீடு கைகூடாது. விண்ணப்பங்கள் தேங்கி நிற்பதற்கு நிதிக் குறைவைவிட மனைக் குறைவே பல ஊர்களில் பெருங்காரணம் என்பது நமது கருத்து.

உதவித் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1957இல் தொடங்கிய கிராம வீட்டு வசதித் திட்டம் கடனாகப் பணம் கொடுத்தது. 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் மானியமாகக் கொடுக்கத் தலைப்பட்டது. அதுவே 2016இல் பிரதம மந்திரியின் ஊரக வீட்டு வசதித் திட்டமாக மாற்றி அமைக்கப்பெற்றது. அதன்படி சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ரூ. 1,20,000 வகுக்கப்பட்டது, இதனை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்து கொண்டன. காங்கிரீட் கூரைக்கென மாநில அரசு தனியே ஒரு தொகையும் சேர்த்து அளித்தது. மாநிலத்தின் சொந்தத் திட்டங்களும் உண்டு. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் வந்தது. 2011இல் 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குடன் கூடிய பசுமை வீடுகள் வந்தன. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்ற பெயரில், 2030ஆம் ஆண்டிற்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு ரூ. 3,50,000 என்று அறிவிக்கப்பெற்றது. ஆட்சிகள் மாறுந்தோறும் திட்டங்களின் பெயர்கள் மாறியுள்ளன. மனைக்குப் பட்டா வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

மனையின் வகையை அறிவது ஆகவே முதற் பாடமாகும். கிராம நத்தம் என்பது குடியிருப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம். அதில் நெடுநாள் வாழ்ந்து வருவோர் பட்டா பெறுதல் எளிது. ஏரி, குளம், வாய்க்கால், ஆற்றங்கரை ஆகிய நீர்நிலைப் புறம்போக்குகளின் நிலை வேறு. அங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்திருப்பினும் பட்டா தருவதற்கு விதியில்லை. "முப்பது ஆண்டு வீட்டு வரி கட்டியிருக்கிறோமே" என்று கேட்போர் உண்டு. வரி ரசீது குடியிருந்ததற்குச் சான்றாகுமேயன்றி, மண்ணின் உரிமைக்குச் சான்றாகாது. இதனை மறைத்து, "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் கூறி அனுப்புவது அக்குடும்பத்திற்கு இழைக்கும் தீங்கேயாகும்.

இவ்விதியின் காரணம் நம் மாவட்டத்தாருக்கு விளங்காததன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது கூரை வீடுகள் பட்ட பாட்டை அறிவோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததைத் தொடர்ந்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருக்கெடுத்தது; ஏரிகள் நிரம்பி வழிந்தன. அத்தகைய நாளில் முதலில் தண்ணீர் புகுவது கரையோரத்துக் குடிசைகளிலேதான். அங்கே காங்கிரீட் வீடு கட்டிக் கொடுப்பதனால் ஆபத்து நீங்கிவிடாது. அக்குடும்பங்களுக்கு மேட்டுப் பாங்கான மாற்று மனை தேடித் தருவதே செய்யத்தக்கது. நிலமற்ற பயனாளிக்கு மனை கிடைக்கச் செய்வது மாநில அரசின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டுத் திட்டத்தின் நெறிமுறையும் கூறுகிறது.

மனை தேடும் வழிகள் சில உள. ஆட்சேபணையற்ற புறம்போக்கு ஊரில் இருக்குமாயின், வருவாய்த்துறை வாயிலாக வீடற்ற ஏழைக் குடும்பத்திற்கு 3 சென்ட் வரை இலவச மனைப் பட்டா கோரலாம். எந்தப் புல எண்ணில் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள பதிவேட்டைக் கொண்டு பஞ்சாயத்தே முன்னதாகக் கண்டறிந்து, மனுவோடு அளிக்குமாயின் பாதி வேலை முடிந்ததாகும். புறம்போக்கு இல்லாத ஊர்களில் ஆதி திராவிடர் நலத்திற்கென நிலம் கையகப்படுத்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு, 1971 ஜூன் 19 அன்று வாழ்ந்து வந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் அக்குடியிருப்பு மனையையே உரிமையாக்கிய சட்டமும் உண்டு. அதன்படி உரிமை பெற்றும் ஆவணத்தைச் சரிப்படுத்தாத குடும்பங்களின் வாரிசுகள் வட்டாட்சியரை அணுகிப் பெயர் மாற்றம் செய்துகொள்ளுதல் நலம். மனுக் கொடுக்க ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்தியைவிடச் சிறந்த இடமில்லை. கணக்குகள் அனைத்தும் அன்று ஒரே மேசையில் இருக்கும்.

இருளர் குடும்பங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செங்கற் சூளையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் வேலைக்காக இடம் பெயர்ந்து திரிவதால், கணக்கெடுப்பு நடக்கும் நாளில் அவர்கள் ஊரில் இருப்பதில்லை. சாதிச் சான்று இல்லை, பட்டா இல்லை, ஆகவே பட்டியலில் பெயரும் இல்லை. மிகவும் நலிந்த பழங்குடியினருக்கென 2023 நவம்பரில் தொடங்கிய பிரதம மந்திரியின் ஜன்மன் திட்டத்தில் இருளரும் அடங்குவர். தமது எல்லைக்குள் உள்ள இருளர் குடும்பங்கள் எத்தனை, சான்றும் மனையும் இல்லாதவை எத்தனை என்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் வீடு வீடாகச் சென்று குறித்து வைத்தல் வேண்டும். அவர்களாக வந்து கேட்கட்டும் என்றிருப்பது முறையன்று.

மனை அமைந்த பின் வருவது பட்டியல். பயனாளிகளின் பட்டியலைப் படித்து, தகுதியற்றோரை நீக்கி, தகுதியுடையோரை வரிசைப்படுத்தும் இடம் கிராம சபை. மாடி வீடுடையவர் பெயர் பட்டியலில் இருப்பின் அதனைச் சுட்டிக்காட்ட வேண்டியதும் அங்கேதான். டீக்கடையில் பேசிப் பயனில்லை. தீர்மானத்தில் பெயர் ஏறியதா என்பதைச் சம்பந்தப்பட்டவர் நேரில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்டின் ஒதுக்கீடும் தொகையும் மாறக்கூடியவையாதலால், அவ்வப்போதைய நிலவரத்தை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

ஆணை கிடைத்தவுடன் பெரிய வீடாகக் கட்டிவிட ஆசை எழுவது இயல்பு. இங்கேதான் பலர் கடனில் விழுகின்றனர். கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி, ரூ. 3,50,000 எனில் சதுர அடிக்கு ரூ. 972 ஆகிறது. இன்றைய விலைவாசியில் இது தாராளமான தொகையன்று. அதற்குள் முடிக்க விரும்புவோர் 500 சதுர அடிக்கு அடித்தளம் தோண்டினால் பணம் ஜன்னல் மட்டத்திலேயே தீர்ந்துவிடும். உதவித் தொகை அடித்தளம், ஜன்னல் மேல்மட்டம், கூரை என்று வேலை முடிந்த நிலைக்கேற்பத் தவணையாகவே வருவதால், ஒரு நிலை நின்றால் அடுத்த தவணையும் நின்றுவிடும்.

செலவைக் குறைக்கும் கட்டுமுறைகளும் உள்ளன. செங்கல்லைப் படுக்க வைக்காமல், செங்குத்தாக நிறுத்தி இடையில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். வீட்டினுள் வெப்பமும் தணியும். கேரளத்தில் லாரி பேக்கர் இம்முறையைப் பரப்பினார். நமது வானூர் வட்டத்து ஆரோவில்லில் மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும், சூளையில் சுடாத கற்களால் பல கட்டடங்கள் எழுந்துள்ளன. சென்று காணலாம். எனினும் இவற்றைக் கையாளுமுன் ஒன்றியப் பொறியாளரின் இசைவைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெறாமற் கட்டினால் தவணைக்குத் தடை வரக்கூடும்.

நகராட்சி எல்லைக்குள் வாழ்வோர்க்கு நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் வேறாக உள்ளது. சொந்த மனையுடையோர் நகராட்சி அலுவலகத்தையும், மனையற்றோர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காகத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தையும் அணுக வேண்டும். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி 2021இல் பெயர் மாறிய வாரியம் இதுவே.

தவணை முறையில் மனை விற்போரிடம் சேமிப்பைக் கொடுப்பவரும் திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை நெடுஞ்சாலையோரத்தில் காணப்படுகின்றனர். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், பின்னர் 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் நினைவிருக்கலாம். வயலைக் கூறுபோட்டுக் கல் நட்டதனால் மட்டும் அது மனையாகிவிடாது. முன்பணம் கொடுக்குமுன், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணையும், விற்பவர் பெயரிலுள்ள பட்டாவையும், வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்றைக் காட்டத் தயங்கினாலும் அவ்விடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.