அஞ்சல் வராத நாட்கள்

கடிதம் வரவில்லை என்னும் கவலை புதியதன்று. முன்னாளில் தபாற்காரரை வழியில் மறித்து வினவினோம்; இன்று கணினித் திரையை நோக்கியிருக்கின்றோம். ‘வழங்கியுடன் தொடர்பு கொள்ள இயலவில்லை’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியதும் மனம் கலங்குகின்றது. அவ்வரியை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வாசிக்கத் தவறியமையால் நேர்ந்த இழப்பொன்று எமக்கு உண்டு.

இம்மலருக்குக் கட்டுரை சேர்க்கும் பணியில் ஒரு பகுதி எம்மிடம் வந்தது. நாலந்தாவில் எம் இல்லத்திலுள்ள பழைய கணினியிலேயே கடிதங்களை இறக்கி வைத்திருந்தோம். கடல் கடந்து வாழ்ந்த முதிய பழைய மாணவர் ஒருவர் நீண்டதொரு கட்டுரை அனுப்பியிருந்தார். போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு நாலந்தா கெடிகே கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, வேறிடத்தில் மீண்டும் அடுக்கப்பெற்று, 1980இல் எழுந்து நின்ற வரலாற்றை, இளமையில் தாம் கண்டவாறே எழுதியிருந்தார். ஒரு முறை வாசித்தோம், படி எடுத்தோமில்லை.

ஒரு நாட்காலை அஞ்சல் மென்பொருள் தொடர்பு கொள்ள மறுத்தது. மழை என்றோம், கம்பி என்றோம், கடவுச்சொல்லை மும்முறை தட்டெழுதினோம். இறுதியில் கணக்கையே நீக்கிப் புதிதாய் அமைக்கத் துணிந்தோம். உள்ளே இருக்கும் கடிதங்களையும் அழிப்பதா என்று மென்பொருள் கேட்டது. அதனையும் வாசியாமல் ‘ஆம்’ என்றோம். புதிய கணக்கும் தொடர்பு கொள்ளவில்லை. மறுநாள் வந்த மாணவன் ஒருவன் திரையின் மூலையைச் சுட்டி, “சேர், திகதி 2009னு காட்டுதே!” என்றான்.

குற்றம் அதுவே. மின்சாரம் இல்லாத வேளையிலும் கணினியின் கடிகாரத்தை ஓடச் செய்வது சி.ஆர். 2032 என்னும் நாணயம் போன்ற சிறு மின்கலம். அது தீர்ந்தால் கணினி நாள் மறந்துவிடும். வழங்கியோ தன் அடையாளத்தை ஒரு சான்றிதழால் காட்டுகின்றது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009இல் வாழும் கணினிக்கு இவ்வாண்டின் சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்று. ஆதலின் ஏற்க மறுக்கின்றது. மென்பொருள் இதனைத் தெளிவாகவே எழுதிக் காட்டியது.

தொடர்பு என்பது ஒரே செயலன்று, படிப்படியாய் நிகழும் உரையாடல். முதலில் வழங்கியின் பெயருக்குரிய எண் முகவரி தேடப்படும். ‘அப்பெயர் கிடைக்கவில்லை’ என்று வந்தால், பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், அல்லது இணையமே இல்லாதிருக்கலாம். வேறொரு தளத்தைத் திறந்து பார்த்தால் எதுவென்று புலனாகும். அடுத்தது ‘போர்ட்’ எனப்படும் துறை. ஒரே பட்டினத்திற் பல துறைகள் இருத்தல் போல, ஒரே வழங்கியில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் உண்டு. மறைகுறியுடன் கடிதம் பெறுதற்கு ஐமேப் முறையில் 993, பாப் முறையில் 995. அனுப்புதற்கு 587 அல்லது 465. ‘காலம் கடந்தது’, ‘மறுக்கப்பட்டது’ என்னும் செய்திகள் பெரும்பாலும் துறை எண்ணின் பிழையையோ, இடையே நிற்கும் பாதுகாப்பு அரணையோ குறிப்பன. அதன் பின்னரே சான்றிதழ். கடவுச்சொல் அதற்கும் பின்னர். நாம் செய்தது போல முதற்கண் கடவுச்சொல்லில் கை வைப்பது, வாயிற்கதவு திறவாதபோது உள்ளறைச் சாவியைத் தேடுவதாம்.

கடவுச்சொல் சரியாயிருந்தும் ஏற்கப்படாத காலமும் உண்டு. 2022 மே 30ஆந் திகதி முதல், பெயரும் வழக்கமான கடவுச்சொல்லும் மட்டும் கொண்டு பிற மென்பொருள்கள் ஜிமெயிலுள் நுழைவதைக் கூகுள் நிறுத்தத் தொடங்கிற்று. பழைய மென்பொருளை வைத்திருந்தோர் தம் நினைவையே ஐயுற்றனர்.

பாப், ஐமேப் என்றோம். இவ்வேறுபாட்டை மாணவர் நன்கு அறிதல் வேண்டும். பாப் முறை தபாற் கந்தோரிலிருந்து கடிதத்தை வீட்டுக்குக் கொணர்வது; வேறு விதமாய் அமைத்தாலன்றிக் கந்தோரில் படி பெரும்பாலும் எஞ்சாது. ஐமேப் முறையில் மூலம் கந்தோரிலேயே இருக்கும். எமது கணக்கு பாப்.

கந்தோரில் இருந்தாற் போதுமென்றும் எண்ணற்க. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதி கணினித் தாக்குதலுக்கு உள்ளாகி, ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையான கடிதங்கள் மீளாது போயின. அக்காலத்திற்குரிய காப்புப் படி கைக்கு எட்டவில்லை. அத்தொகுதி பழைய 2013ஆம் ஆண்டு மென்பொருளிலேயே இயங்கி வந்தது. ஆகவே, தொடர்பு அற்றவுடன் எதனையும் நீக்காமல், முதலில் உள்ளவற்றை வேறோர் இடத்திற் படி எடுத்து வைக்க. பின்னர் ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து பார்க்க.

மின்கலம் மாற்றித் திகதியைத் திருத்தியதும் அஞ்சல் வந்தது. கட்டுரையை மீண்டும் அனுப்புமாறு அப்பெரியாருக்கு எழுதினோம். விடை அவர் மகளிடமிருந்து வந்தது. தந்தையார் முந்திய மாதமே காலமாகியிருந்தார். அனுப்பிய கடிதங்களின் பெட்டியில் அது இருக்கக்கூடும் என்று மீண்டும் எழுதினோம். தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கின்றார். தந்தையாரின் கடவுச்சொல் வீட்டில் எவருக்கும் தெரியாதாம்.