முதலில் வண்டி நிற்கட்டும்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமா வீட்டுக் கொட்டகையில் கிடந்த 1978ஆம் ஆண்டு அம்பாசிடரை உன் பெயருக்கு மாற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. கீழே நீ போட்டிருந்த பட்டியலையும் பார்த்தேன்: இசுசு இன்ஜின், அலாய் வீல், பெரிய ஸ்பீக்கர், புது பெயின்ட். அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வை. அதில் பிரேக் என்ற சொல்லே இல்லை.

கையில் இருப்பது எப்படிப்பட்ட வண்டி என்று முதலில் தெரிந்துகொள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்த வண்டி இது. உன்னுடையது மார்க் 3, 1489 சி.சி. பெட்ரோல். லாரிக்கு இருப்பதுபோல் தனி சேஸிஸ் இதற்குக் கிடையாது. தரைத் தகடும், கதவுக்கடியில் ஓடும் பெட்டித் தகடும், பாடியும் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கின்றன. அதனால் துரு இந்த வண்டிக்கு அழகுக் குறை மட்டும் அல்ல, எலும்பில் பிடித்த நோய். மிதியடியைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று கேட்கும். கதவுக்கடியில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பார். எங்கே ஒட்டாமல் விழுகிறதோ அங்கே பட்டியைப் பூசி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வை. வெல்டிங் முடியாமல் பெயின்டரைக் கூப்பிடுவது பணத்துக்குக் கேடு.

முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பிதான். அது தரையோடு பிணையும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பார். ஆனால் அந்தக் கம்பியை நீ கழற்றாதே. வண்டியின் முன்பக்கப் பாரம் முழுக்க அதில் முறுக்கேறி நிற்கிறது. அது பட்டறையில், அனுபவப்பட்ட மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை. உன் பைக்குக்கு வாங்கிய மில்லிமீட்டர் செட் இதற்கு ஆகாது. இந்த இன்ஜினின் போல்ட்டுகள் இன்ச் கணக்கு. அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர், அதில் 13ஆம் நம்பரைப் போட்டால் பிடிப்பதுபோல் தெரியும், பலம் கொடுத்ததும் நட்டின் முனைகளை மழித்துவிடும். 7/16, 1/2, 9/16 மூன்றும் ரிங் ஸ்பேனராக வாங்கு. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பார். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதே. இரும்பு ஸ்டாண்டு போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் குனிய வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்தால் சத்தமில்லாமல் நொறுங்கும். இதில் உன் பெரியப்பாவிடம் சலுகை கிடையாது.

இனி பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம். அந்தக் காலத்து அமைப்பில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்குக்கும் ஒரே வழிதான் போகிறது. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். ஆகவே ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்று. ரப்பரின் வயதை வெளித்தோற்றம் சொல்லாது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. முகத்தில் மாஸ்க் கட்டி, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டி எறி. பிரேக் ஷூவின் ஓரம் ஈரமாக இருந்தால் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, புதிது போடு.

எல்லாம் மாட்டியபின் காற்று எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். தம்பியை சீட்டில் உட்கார வை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான பின் இடது சக்கரத்தில் தொடங்கு. நிப்பிளில் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனை பாட்டிலில் இருக்கும் பிரேக் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். அவன் மிதித்துப் பிடிக்க, நீ நிப்பிளைக் கால் சுற்று திற. குமிழிகள் வரும். நீ மூடிவிட்டு “விடு” என்று சொன்ன பிறகே அவன் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நின்று தெளிந்த ஆயில் மட்டும் வந்தால் அடுத்த சக்கரம். நடுவில் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் இறங்காமல் பார்த்துக்கொள். கடைசியில் மிதி கல் போல நிற்க வேண்டும், பஞ்சு போல அமுங்கினால் மறுபடி முதலிலிருந்து. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்று.

மேம்படுத்தும் ஆசையை இங்கேதான் காட்ட வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் வழியைப் பிரிக்கும் டேன்டம் மாஸ்டர் சிலிண்டர், பின்னாளில் வந்த மாடல்களின் முன் டிஸ்க்கும் பூஸ்டரும், இவை எந்த இன்ஜினை விடவும் உனக்கு உதவும். இந்தப் பொருத்துதலைப் பட்டறையில் செய். சீட் பெல்ட்டும் போடு. ஆனால் போல்ட்டை வெறும் தகட்டில் முடுக்காதே, பின்னால் கனமான பட்டை வைத்து வெல்டு அடித்த பிறகு முடுக்கு.

அடுத்தது பெட்ரோல். உன் வண்டி செய்யப்பட்ட காலத்தில் ஈயம் கலந்த பெட்ரோல்தான். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம் காத்தது. 2000ஆம் ஆண்டோடு நாடு முழுக்க அது நின்றுபோனது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் கார்புரேட்டர் வாஷரையும் உப்ப வைத்து அரிக்கும். டாங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்று. ஹோஸ் கசிந்தால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, வண்டி எரிய அது போதும். ஈயம் இல்லாத குறைக்கு, சிலிண்டர் ஹெட் என்றைக்கு இறங்குகிறதோ அன்றைக்குக் கடினமான வால்வு சீட் போடச் சொல். அதற்காகவே ஹெட்டை இறக்க வேண்டியதில்லை.

டேப்பெட் செட்டிங்கை, அதாவது வால்வு இடைவெளி சரிசெய்வதை, நீயே செய்யலாம். எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். எட்டு வால்வு, ஒன்பது என்ற ஒரே எண்ணை நினைவில் வை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்று. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய். ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். கையேட்டில் சொன்ன கனத்துக்கு ஃபீலர் கேஜை நுழை. இறுக்காமலும் தளராமலும் லேசாகப் பிடித்தபடி வழுக்க வேண்டும். முதல் முறை விரலுக்குப் பிடிபடாது, நாலைந்து வால்வுக்குள் பழகிவிடும்.

மின்சார வேலையில் இரண்டு மாற்றங்களை மனதாரச் சொல்வேன். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன். கழற்றிய பாயின்ட்டை டேஷ்போர்டு பெட்டியில் வை, நடுவழியில் நின்றால் அது வீடு சேர்க்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய ஸ்விட்ச்சில் வீணாகும் வோல்ட் பல்புக்குப் போகும், 60/55 வாட் ஹாலஜனே பளிச்சென்று எரியும். அதற்கு மேல் வாட் போட்டால் எதிரே வருபவர் கண் கூசும்.

இன்ஜின் மாற்றும் ஆசைக்கு வருகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றத் தடை சொல்கிறது. ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் இன்ஜின் ஏற்றினால் எஃப்.சி.யில் மாட்டிக்கொள்வாய். இன்னொன்றும் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். உன் வண்டிக்கு 2028இல் அந்த வயது வருகிறது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். உனக்கு எது வேண்டும் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த உரிமையை ஒரு இன்ஜினுக்காக இன்றே இழந்துவிடாதே. என்னைக் கேட்டால், இந்த 1489 சி.சி. இன்ஜின் சரியான டேப்பெட்டும் சுத்தமான கார்புரேட்டரும் இருந்தால் உன்னையும் அம்மாவையும் பழனிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும். அதற்கு மேல் இந்த வண்டியிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான்கு டிரம்மையும் கழற்றி, உள்ளே படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்த பிறகு என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதுவரை பாகங்களுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதே, வண்டியை வாசலைத் தாண்டி எடுக்காதே.

அன்புடன்,
பெரியப்பா