டயாலிசிஸ்காரர் ரத்தம்: லேபுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

1. ஊசியை எடுக்குமுன் கையைப் பாருங்கள். ஃபிஸ்டுலா போட்ட கையில் விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் குத்தாதீர்கள், ரப்பர் பட்டையும் கட்டாதீர்கள்.

2. சிவப்பு மூடி முதலில், ஊதா மூடி பிறகு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிவப்பு ட்யூபில் ரத்தம் போதவில்லையென்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டேன். பொட்டாசியம் 7.9. வார்டே ஓடியது. மூத்தவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து, "கால்சியம் ஏன் இப்படித் தரையில் கிடக்கு? அல்கலைன் பாஸ்பட்டேஸ் எங்கே போச்சு?" என்றார். ஊதா ட்யூபில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் நிஜமாகவே ஏறும் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வில்லங்கமே அதுதான்.

3. கிரியாட்டினின் என்சைம் அல்ல, தசையிலிருந்து வரும் கழிவு. ஆகவே ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்காதீர்கள். 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால், 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி சிறுநீரக வடிகட்டும் திறன் 86 வரும். அதே 1.2 எழுபது வயதுப் பாட்டிக்கு வந்தால் 49தான். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரு நாள் ரத்தத்தை வைத்து அந்தப் பெயரைச் சொல்ல முடியாது.

4. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் இயல்பாகவே தாழ்ந்து நிற்கும். இந்த என்சைம்களுக்குத் துணையாக வேண்டிய பி6 வைட்டமின் அவர்களிடம் குறைவாக இருப்பது ஒரு காரணம். மற்றவருக்கு 38 நார்மல். இவருக்கு அது கல்லீரல் வீக்கத்தை மறைத்துக்கொண்டிருக்கலாம். போன மாதத் தாளை எடுத்து ஒப்பிடுங்கள். மஞ்சள்காமாலைக் கிருமிச் சோதனையைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

5. அமிலேஸ், லிபேஸ் இரண்டு மூன்று மடங்கு ஏறியிருந்தாலும் கணையம் நன்றாகவே இருக்கலாம். வயிற்றுவலி உண்டா என்று மருத்துவர் கேட்டுக்கொள்வார்.

6. அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருக்கிறதா? கல்லீரலா, எலும்பா என்று கேள்வி வரும். ஜிஜிடி சரியாக இருந்தால் பெரும்பாலும் எலும்புதான். சிறுநீரகம் பழுதானால் எலும்பும் சேர்ந்து பழுதாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

7. சீரம் சிவந்திருந்தால் மெஷினில் வைக்காதீர்கள். செல் உடைந்தால் எல்டிஹெச், எஸ்ஜிஓடி, பொட்டாசியம் மூன்றும் பொய் சொல்லும். மறுபடி குத்தினால் நோயாளி திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொட்டும் எடுக்காதீர்கள், அவருக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி.