மார்கழி முதல் தை வரை: கைக்குழந்தைக்குத் தனி மாவு

அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்த மூன்று வாரமும் பழவேற்காடு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருத்தணி எங்கும் அடுப்பில் ஏதாவது இனிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். இணை உணவு தொடங்கிய குழந்தை வீட்டில் இருந்தால் ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் செய்வதில் குழந்தைக்குப் பங்கு இல்லை. மாவில் சர்க்கரை விழும் முன்பே அதற்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு அந்தக் கிண்ணமும் வேண்டாம், தாய்ப்பால் போதும்.

முதலில் தேன். ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்ச வலுவில்லாமை, குரல் மெலிந்த அழுகை, தொங்கும் இமை, நிற்காத தலை என்று அது வெளிப்படும். ‘சூடு பண்ணினால் சரியாகிவிடும்’ என்பது உண்மையல்ல. ஓவன் 180 டிகிரியில் எரிந்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்த வித்துகள் அதைத் தாங்கிவிடும். ஆகவே பேக்கரி ஹனி கேக் வேண்டாம். டிசம்பர் 31 அன்று திருத்தணி திருப்படித் திருவிழாவுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்பவர்கள், பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். நெற்றியில் திருநீறு இடுங்கள், நாக்கில் எதையும் தடவ வேண்டாம்.

பிளம் கேக்கும் ஆகாது. பழங்களை ரம்மில் ஊறவைத்திருந்தால் வெந்த பிறகும் மது முழுவதும் போய்விடாது. உள்ளே கிடக்கும் முந்திரியும் திராட்சையும் தொண்டையில் அடைக்கும். அதற்காக நிலக்கடலையை ஒதுக்க வேண்டியதில்லை. முட்டையையும் நிலக்கடலையையும் ஆறு மாதத்துக்குப் பின் சிறிதளவில் பழக்குவது நல்லதென்றே மருத்துவம் இன்று சொல்கிறது. ஆனால் முழுக் கடலையாக அல்ல, மைய அரைத்துக் கூழில் கரைத்து. ஏற்கெனவே கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். கேக் மாவு ஒட்டிய கரண்டியை நக்கக் கொடுக்கவே கூடாது. பச்சை முட்டை மட்டுமல்ல, பச்சை மாவிலும் கிருமி உண்டு.

சரி, என்ன செய்து கொடுக்கலாம்? எட்டு, ஒன்பது மாதக் குழந்தைக்கு ஓவனைவிட இட்லிப் பானையே நல்லது. நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றைக் கட்டியில்லாமல் மசித்து, நுரைக்க அடித்த முட்டை ஒன்று, வறுத்த கேழ்வரகு மாவு நான்கு மேசைக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி சேர்த்து, இட்லி மாவுப் பதத்துக்குப் பால் விட்டுக் கலக்குங்கள். முட்டையை முன்பே தனியாகக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். பதினைந்து நிமிடம் ஆவியில் வெந்ததும் குச்சி விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டக்கூடாது. ஆறிய துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் தடையில்லாமல் நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் பாலில் ஊறவைத்து மசித்து ஊட்டுங்கள். அங்கன்வாடி இணை உணவு மாவில் செய்தால் அதிலேயே வெல்லம் இருக்கிறது, மேலே எதையும் சேர்க்காதீர்கள். இரண்டு வயது வரை சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவைக் கொடுக்கக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. சர்க்கரை இல்லாத பண்டம் சீக்கிரம் கெடும். அன்றன்றைக்குச் செய்யுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் வாங்கி வைத்த கடலையையும் மாவையும் மோந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். சலித்தாலும் வறுத்தாலும் பூசண நஞ்சு முழுவதும் போகாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலையிலோ உலோக உருக்காலையிலோ வேலை பார்ப்பவர்களின் துணியிலும் முடியிலும் ஈயத்தூள் வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு குழந்தை உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகே மாவைத் தொடுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். ஈயம் கலந்திருக்கக்கூடிய, தரமுத்திரை இல்லாத மலிவான அலுமினியப் பாத்திரத்துக்குப் பதில் எவர்சில்வரில் சமையுங்கள்.

ஏதாவது அடைத்துக்கொண்டு குழந்தை இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராவிட்டால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவரவில்லையென்றால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். வெளிவரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவ வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் 108ஐ அழைக்கட்டும்.

ஷிப்டுக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளையை விட்டுச்செல்லும் ஆயாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் இதையெல்லாம் இன்றே சொல்லிவிடுங்கள். பண்டிகைக்கு வரும் அத்தை, மாமா, பெரியப்பாக்களே, ஆசையாகக் கேக்கை நீட்டும் முன் ‘இது குழந்தைக்குக் கொடுக்கலாமா?’ என்று அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள்.