முதலில் தேதி, பிறகு கதை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஊர் நாடக வாத்தியாரைப் பற்றி நீ எழுதி அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது, அவர் மீது உனக்குள்ள பிரியம் வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அத்தியாயம் முழுக்கத் தேடியும் ஒரு தேதிகூட அகப்படவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தேதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார். பாரதியார் யானை தள்ளித்தான் இறந்தார் என்று இன்றும் எத்தனை பேர் சொல்கிறார்கள்! திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து காப்பாற்றியதும் உண்மை. ஆனால் அவர் தேறி எழுந்தார், சுதேசமித்திரன் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். 1921 ஜூலை இறுதியில் ஈரோட்டுக்குப் போய், கருங்கல்பாளையம் வாசகசாலையில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற பொருளில் பேசினார். திரும்பி வந்து அந்தப் பயணத்தைக் கட்டுரையாகவும் எழுதினார். செப்டம்பரில் அவர் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. அதுவும் நள்ளிரவு கடந்து, அதாவது 12ஆம் தேதி பிறந்த பிறகு. நாம் நினைவுநாள் கொண்டாடுவதோ 11ஆம் தேதி.

இதைக் கண்டுபிடிக்க ரகசிய ஆவணம் எதுவும் வேண்டாம். நடந்தவற்றை நாள்வாரியாக அடுக்கினாலே போதும். சீனி. விசுவநாதன் பாரதியின் எழுத்துகளைக் காலவரிசைப்படுத்தி 23 தொகுதிகளாகக் கொண்டுவந்தாரே, அதற்குத் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். எந்தக் கட்டுரை எந்த மாதம் வந்தது என்று தெரிந்தால்தான் எழுதியவன் அப்போது என்ன நிலையில் இருந்தான் என்று கேட்கவே முடியும். அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

தேதி தேடினால் பிரியம் குறைந்துவிடுமோ என்று பயப்படாதே. உ.வே.சாமிநாதையரைப் பார். தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 34இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். பிள்ளை மறைந்தது 1876இல். அவர் பிறந்ததோ 1815இல், அதாவது மாணவர் பிறப்பதற்கு 40 ஆண்டுகள் முன்பு. ஐயர் கூடவே இருந்து கண்டது கடைசிச் சில ஆண்டுகள்தான். மீதி வாழ்க்கையை மூத்த மாணவர்களிடமும் உறவினரிடமும் கேட்டும், கடிதங்களையும் தனிப்பாடல்களையும் தேடிச் சேர்த்தும் கட்டியெழுப்பினார். ஆசிரியரைத் தெய்வமாக வணங்கியவர்தான். ஆனாலும் ஆசிரியர் பட்ட கடன்தொல்லையை மறைக்கவில்லை. அத்தனை பெரிய புலவர் பணத்துக்கு அல்லாடினார் என்று தெரிந்த பிறகு அவர் பாட்டின் மீது நமக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது. உன் வாத்தியாரின் குடியைப் பற்றி ஒரு வரி எழுதிப் பிறகு அடித்திருக்கிறாயே, அந்த வரி இருக்கட்டும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாடக நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் கொட்டகை பெயரும் இருக்கும். ஆண்டு இல்லாவிட்டால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார். வீட்டை விற்றுக் கம்பெனி நடத்தினார் என்கிறார்களே, பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எப்போது, யாருக்கு விற்றார் என்று தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் கேள். பழைய பத்திரிகைகளுக்கு சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. ஊரார் சொல்வது பொய்யென்று தெரியவந்தாலும் தூக்கி எறியாதே. அதை முதலில் யார் சொன்னார்கள், எப்போதிலிருந்து சொல்கிறார்கள் என்று குறித்து வை. அவரை ஊர் எப்படி நினைக்க விரும்பியது என்பதும் அவர் சரித்திரத்தில் சேர்த்திதான்.

பதிவேடுகள் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். அவருக்கு ஆர்மோனியம் வாசித்த பெரியவர் எண்பதைத் தாண்டிவிட்டார் என்றாய். இந்த வாரமே போய்ப் பார். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுஷன்” என்பதோடு நிறுத்திவிடுவார். கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்து, அன்றைக்கு யார் ராஜபார்ட், கூலி எவ்வளவு, நாடகம் முடிந்து எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேள்.

அன்புடன்,
அக்கா