ஏட்டில் இருக்கும் முன்னோர்

நுழையும்முன்

மூணாற்றில் பிறந்த ஒருவரிடம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டால், கயத்தாறு என்றோ போடி என்றோ விடை வரும். அவ்வூரில் அவர் ஒரு வாரம் தங்கியதுகூட இல்லாமல் இருக்கலாம். ஆயினும் அது அவருடைய ஊர்தான். அந்த உரிமைக்குச் சான்று எங்கே இருக்கிறது? இப்பாடம் அதைத் தேடுகிறது.

பாடம்

1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியைப் பெற்றார். 1897-இல் அங்கே தோட்ட நிறுவனம் உருவாயிற்று. காட்டை வெட்டித் தேயிலை நட ஆட்கள் வேண்டியிருந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் சிற்றூர்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். போடிநாயக்கனூர் வழியாக மலையேறி வந்தோரின் பெயர்கள் முதலில் எழுதப்பட்டவை கங்காணியின் கணக்கிலும் தோட்டத்தின் செக்ரோலிலும்தான். அவை கூலிக்கும் கடனுக்கும் எழுதப்பட்டவை; வரலாற்றுக்காக எழுதப்பட்டவை அல்ல. எந்த ஏடும் அதை எழுதியவருக்குத் தேவையானதை மட்டுமே சொல்லும். இதை நினைவில் வைத்துக்கொண்டால், ஓர் ஏட்டில் கிடைக்காத செய்தியை வேறெந்த ஏட்டில் தேடலாம் என்பது விளங்கும்.

தேவாலய ஏடுகள் கூலிக் கணக்கிலிருந்து வேறுபட்டவை. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று, திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவின் கையொப்பம் ஆகியவை இருக்கும். அக்குழந்தை வளர்ந்து வேறிடத்தில் மணம் செய்துகொண்டால், அச்செய்தி பழைய பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். ஆகவே ஓரக் குறிப்புகளைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஞானப்பெற்றோரின் பெயர்களையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் உறவினராகவோ ஒரே ஊரிலிருந்து வந்தவராகவோ இருப்பர்.

திருமணப் பதிவு இன்னும் பயன்தரும். மணமக்களின் பெயர்களைக் கோயிலில் முன்கூட்டியே அறிவிப்பதை ‘ஓலை வாசித்தல்’ என்பர். மணமகன் வேறு பங்கைச் சேர்ந்தவராயின் அங்கும் ஓலை வாசிக்கப்பட்டு, தடை இல்லை என்னும் கடிதம் வரவேண்டும். மலையில் நடந்த திருமணம் சமவெளிப் பங்கு ஒன்றின் பெயரைத் தன்னுள் வைத்திருப்பது இப்படித்தான். ‘சொந்த ஊர்’ என்பதற்கு எழுத்துச் சான்று தேடுவோர்க்கு இதைவிட நல்ல இடம் அரிது.

பெயர்கள் மட்டும் நம்மை ஏமாற்றும். பழைய கத்தோலிக்க ஏடுகள் பல இலத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் சின்னப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே ‘பவுலுஸ்’ ஆகியிருப்பார். ‘சிறியவர்’ என்னும் இலத்தீன் பொருளைத் தமிழாக்கியே சின்னப்பன் என்றனர். இராயப்பன் ‘பேத்ருஸ்’ ஆவார். அருளப்பன் ‘யோஹான்னெஸ்’ ஆவார். சூசை ‘யோசேபுஸ்’ ஆவார். அதே மனிதர் தோட்டத்துச் செக்ரோலில் ஆங்கில எழுத்தில் இருப்பார். பேரன் பிறந்தபோது ஊராட்சி ஏட்டில் மலையாள எழுத்தில் இருப்பார். நான்கு மொழிகளில் நான்கு பெயர்; ஆள் ஒருவரே. தந்தை பெயர், துணைவியார் பெயர், டிவிஷன், ஊர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே அவர்தான் இவர் என்று முடிவு செய்யவேண்டும். கருப்பன் மகள் மாரியம்மாள் என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், ஒரே தோட்டத்தில் பலர் அகப்படுவர்.

மூணாற்றுக் குன்றின்மேல் எலினர் நைட் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை உள்ளது. அவர் 1894-இல் காலரா நோயால் இறந்தார். அதன்பின் பல ஆண்டுகள் கழித்தே, 1910-இல், கீழே கிறிஸ்து தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவருக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. அதே மலைகளில் இறந்த தொழிலாளர் பெரும்பாலோர்க்குக் கல் இல்லை. ஏதேனும் ஓர் ஏட்டில் ஒரு வரி இருந்தால் அதுவே அவர்களுடைய நினைவுக்கல்.

பாலக்காட்டு எல்லையில் சிக்கல் வேறு வகையானது. 1956 நவம்பர் 1-க்கு முன் கேரள மாநிலம் இல்லை. பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகியவற்றை உள்ளடக்கிய சித்தூர் வட்டம் கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. எனவே பழைய அரசு ஆவணங்களும் பிரிந்து கிடக்கின்றன. மலபார் ஆவணங்களைக் கோழிக்கோட்டிலும், கொச்சி ஆவணங்களை எர்ணாகுளத்திலும், திருவிதாங்கூர் ஆவணங்களைத் திருவனந்தபுரத்திலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் கேட்கவேண்டும். திருச்சபை எல்லைகளும் மாறியுள்ளன. 2013 டிசம்பரில் உருவான சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தின் ஒரு பகுதி அதற்குமுன் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தில் இருந்தது.

தேவாலயத்தோடு தொடர்பில்லாத குடும்பங்களே நம்மில் மிகுதி. அவர்களுக்கு அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவேடு உதவும். 1969-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தோட்டங்களுக்கெனத் தனி விதி வகுத்துள்ளது. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர், மிளகுத் தோட்டங்களில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் தோட்டக் கண்காணிப்பாளரே பதிவாளருக்குத் தெரிவிக்கவேண்டும். லயத்தில் பிறந்த குழந்தையின் பதிவைத் தேடுவோர் தோட்ட அலுவலகத்தையும் கேட்கவேண்டியது இதனால்தான். உரிய கட்டணம் செலுத்தி, பதிவேட்டைத் தேடச் செய்யவும் சான்றிதழ் பெறவும் அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

திருவிதாங்கூர், கொச்சிப் பதிவுகளில் கொல்லம் ஆண்டு வரும். அது சிங்கம், அதாவது நம் ஆவணி மாதத்தில் பிறக்கிறது. சிங்கம் முதல் தனு மாத நடுப்பகுதி வரை 824-ஐக் கூட்டவேண்டும். அதன்பின் கர்க்கடகம் முடிய 825-ஐக் கூட்டவேண்டும். மூணாற்றைச் சிதைத்த பெருவெள்ளம் கொல்லம் 1099 கர்க்கடகத்தில் வந்தது. 825-ஐக் கூட்ட 1924 கிடைக்கும். முதியோர் அதை இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கின்றனர். “வெள்ளத்துக்கு மறுவருடம் பிறந்தவள்” என்று பாட்டி சொன்னால், அதுவும் ஒரு தேதிதான், எழுதிக்கொள்ளுங்கள்.

இத்தேடலை வெறும் பெருமைக்கான பொழுதுபோக்கு என்று கருதவேண்டா. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10-இல் வெளியானது. அந்நாளில் குடும்பத்தின் நிலையான இருப்பிடம் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதைக் கொண்டே இன்றும் சான்றிதழ் முடிவு செய்யப்படுகிறது. மூன்று தலைமுறையாகக் கேரளத்தில் வாழும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்து மாணவர், தம் பாட்டனார் அந்நாளுக்கு முன்பே இங்கிருந்தார் என்று காட்டவேண்டியிருக்கிறது. கல்விக் கட்டணமும் வேலைவாய்ப்பும் ஒரு பழைய தாளைச் சார்ந்து நிற்கின்றன.

தேவிகுளம் தனித்தொகுதியின் 2021 தேர்தல் வழக்கில் இவ்விரு வகைச் சான்றுகளும் ஆராயப்பட்டன. வென்றவரின் குடும்பம் எச்சமயத்தைச் சார்ந்தது என்பதற்குக் குண்டளைப் பகுதித் தேவாலயத்தின் பதிவேடுகள் காட்டப்பட்டன. அவருடைய முன்னோர் எப்போது இங்குக் குடியேறினர் என்னும் கேள்வியும் எழுந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஒரே ஏடுகளைப் பார்த்து இரு நீதிமன்றங்கள் இருவேறு முடிவுக்கு வந்தன. ஏட்டு வரி தானே பேசுவதில்லை. யார் எழுதினார், எப்போது எழுதினார், திருத்தம் உண்டா என்று கேட்டபிறகே அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

தேடலை உங்களிடமிருந்தே தொடங்குங்கள். உங்கள் பிறப்புச் சான்று, பெற்றோரின் பள்ளிச் சான்று, தாத்தாவின் குடும்ப அட்டை என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். பங்கு ஏடுகள் பொதுநூலகத்து நூல்கள் அல்ல. பெற்றோருடன் சென்று பங்குத்தந்தையின் இசைவைப் பெறவேண்டும். பிறருடைய பதிவைப் படம் எடுத்தல் கூடாது. வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏடு நாளைக்கும் இருக்கும்.

பயிற்சி

1. கொல்லம் 1121 கும்ப மாதத்தில் பிறந்தவரின் ஆங்கில ஆண்டு யாது? அது எந்தத் தமிழ் மாதம்?

2. உங்கள் குடும்பத்தில் ஒருவரின் பெயர் இரண்டு ஆவணங்களில் வேறுபட்டிருக்கிறதா? இரண்டையும் எழுதி, வேறுபாட்டிற்கான காரணத்தை ஐந்து வரிகளில் விளக்குக.

3. வீட்டிலுள்ள மூத்தவரிடம், குடும்பம் இவ்வூருக்கு வந்த வழியையும் வந்த காலத்தையும் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுக.